மௌனம் சம்மதமா?

அம்மாவுக்குக் கைப்பேசி பழக்கியவன் நான்தான். வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் முடிந்து இணையத்தில் வாசிக்கும் கட்டம் வந்தது. சமையல் குறிப்போ தேவாரமோ தேடிப் போகிற பக்கங்களில் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். “இது என்னா கேக்குது?” என்றார். “ஒன்னும் இல்லமா. பெரிய பட்டன் எதுன்னு பாத்து அமுக்குங்க, போயிரும்” என்றேன். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். ஆங்கிலம் வராது. சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான்கு வருடமாகப் பெரிய பட்டனை அமுக்கி வருகிறார்.

முன்னூறு பிரதி போகும் நாவலைப் பற்றி நாம் மூவாயிரம் சொல்லில் சண்டை போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் உலகத்தில் நாள்தோறும் அதிகம் பேர் கண்ணில் படுகிற உரைநடை எது என்று கேட்டால், அது இந்தக் குக்கி அறிவிப்பாகத்தான் இருக்கும். அதை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. வாசிக்கப்படக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட பிரதி அது. வாசித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

அநேகமாக எல்லா அறிவிப்புகளும் ஒரே வரியில்தான் தொடங்குகின்றன: உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே வரும் வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள். மரியாதை கொடுப்பது ஒன்று, விலை வைப்பது இன்னொன்று. தமிழிலும் இந்த இரட்டை வேடம் அப்படியே பொருந்துகிறது. மதிப்பு என்றால் மரியாதை, மதிப்பு என்றால் விலை. அடகுக் கடைக்காரரும் நம் சங்கிலியை மதித்துத்தான் ஒரு தொகையைச் சொல்கிறார்.

அடுத்து, ‘நாங்களும் எங்கள் கூட்டாளிகளும்’. நம் ஊர்ப் பேச்சில் கூட்டாளி என்றால் சிநேகிதன். இந்தச் சிநேகிதர்கள் சில தளங்களில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு ரசம் வைக்கும் குறிப்பைப் படிக்கப் போனவருக்கு எதற்கு அத்தனை பேர் அறிமுகம் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’. யாருடைய அனுபவம், எதிலிருந்து எதற்கு மேம்படுகிறது? இன்னும் இரண்டு படி உள்ளே போனால் ‘நியாயமான நலன்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல். அங்கே பொத்தான்கள் ஏற்கெனவே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கேட்காமலேயே நியாயம் முடிவாகிவிட்டது.

சொற்களைவிட வடிவம்தான் அதிகம் பேசுகிறது. ஏற்றுக்கொள்ளும் பொத்தான் பச்சையில் அல்லது நீலத்தில், விரல் தானாகப் போய் விழுகிற இடத்தில். மறுப்பதற்கு வழி இருந்தால் அது சாம்பல் எழுத்தில், ‘மேலும் தெரிவுகள்’ என்ற பெயரில். கேள்விக்குறி போட்டு எழுதிய கட்டளை என்று இந்த வகையைச் சொல்வேன். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் அதிகம் பேர் போகிற 10,000 தளங்களிலிருந்து, பிரபலமான ஐந்து அறிவிப்புக் கருவிகளில் ஒன்றைப் பயன்படுத்திய 680 தளங்களை எடுத்துப் பார்த்தது. சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றியவை 11.8 சதவீதம். மறுக்கும் பொத்தானை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் சம்மதிப்போர் விகிதம் 22, 23 புள்ளி கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பொத்தானை எங்கே வைப்பது என்ற ஒரே முடிவில் நூற்றில் இருபதுக்கு மேற்பட்டவரின் ‘விருப்பம்’ மாறிவிடுகிறது. நம் கதாசிரியர்களுக்கு இந்த வல்லமை கிடையாது.

2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. குற்றம் எளிமையானது: ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல. நான் படித்த மட்டில், வடிவத்தின் மீது எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் அந்தத் தீர்ப்புதான்.

ஆனால் இந்த அறிவிப்பைத் திட்டுவதற்கு முன் அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கியை உருவாக்கியபோது அது ஓர் எளிய தீர்வு. வலைத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தில் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்தில் மறந்துவிடும். அந்த மறதிக்கு மருந்தாக, ஒரு சின்னக் குறிப்பை வாசகரின் கணினியிலேயே எழுதி வைப்பது. தமிழில் ‘நினைவி’ என்று ஒரு சொல்லும் செய்திருக்கிறார்கள், அழகான சொல். சிக்கல் என்னவென்றால், ஒரு பக்கத்துக்குள் விளம்பரம் போடுகிற மூன்றாம் ஆளும் தன் குறிப்பை எழுதலாம். அவரே ஆயிரம் பக்கங்களில் இருந்தால், நாம் எங்கெங்கே போனோம் என்று ஆயிரம் இடத்திலும் அவருக்குத் தெரியும். நம் நினைவை நம்மைவிட நன்றாக வைத்திருப்பவர் நமக்குத் தெரியாத ஒருவர்.

ஐரோப்பா இதை 2002இல் ஒரு நெறிமுறையில் தொட்டது. 2009இல் திருத்தி, குறிப்பு எழுதுவதற்கு முன்பே சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25இல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தபோது சம்மதம் என்றால் என்ன என்பதும் எழுத்தில் வந்தது: மௌனமோ, முன்கூட்டியே குறியிட்ட பெட்டியோ, சும்மா இருப்பதோ சம்மதம் ஆகாது. 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிளானட்49 என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில் முன்குறியிட்ட பெட்டி செல்லாது என்று உறுதிசெய்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மிடம் ‘மௌனம் சம்மதம்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. பெண் பார்க்க வந்த வீட்டுக் கூடத்தில் தலைகுனிந்து நின்றவளின் மௌனத்தை அப்படித்தான் மொழிபெயர்த்தார்கள். தோட்டத்தில் கங்காணி முன் நின்றவனின் மௌனத்தையும் அப்படியே. பேச முடியாதவரின் வாயில் ‘ஆம்’ என்ற சொல்லைத் திணிப்பதற்கு அழகான பெயர் அது. அதற்கு நேர் எதிரான ஒரு வாக்கியம், பல நாடுகளுக்குமான ஒரு சட்டத்தில், இணைய விளம்பரம் பற்றிய சண்டைக்கு நடுவே வந்து சேர்ந்திருக்கிறது. இலக்கியம் படிப்பவர்கள் கொண்டாட வேண்டிய வாக்கியம்தான். விளம்பரத் தொழில் அதை எப்படிப் பிரதியாக மாற்றியது என்பதைத்தான் மேலே பார்த்தோம். எரிச்சலூட்டும் கேள்வியாக, ஓயாமல் கேட்கிற கேள்வியாக. கேள்வியே அலுத்துப்போகட்டும் என்று.

அலுத்துத்தான் போனது. வாசகர்கள் கேள்வியையே மறைக்கும் கருவிகளைத் தேடிப் போனார்கள். இவற்றை ஒரே கூடையில் போடுவது தவறு. மூன்று குணங்கள் உண்டு.

முதல் வகை, உங்களுக்குப் பதிலாகத் தலையாட்டுவது. ‘ஐ டோன்ட் கேர் அபவுட் குக்கீஸ்’ என்ற நீட்சி இதில் பிரபலம். எனக்குக் குக்கியைப் பற்றிக் கவலை இல்லை என்று பெயரே சொல்லிவிடுகிறது. முடிந்தால் அறிவிப்பை மறைக்கும், முடியாவிட்டால் ஏற்றுக்கொண்டு நகரும். அதை அது ஒளித்ததும் இல்லை. 2022இல் அதை அவாஸ்ட் நிறுவனம் வாங்கியது. பயனர்களின் உலாவல் தரவைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னதும் இதே அவாஸ்ட்டைத்தான். அந்த விற்பனை 2020இலேயே நிறுத்தப்பட்டது, இந்த நீட்சிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இதை ஒரு சிறுகதையில் எழுதினால் ‘ரொம்ப செயற்கையா இருக்கு’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாம் வகை, உங்களுக்காக மறுப்பது. மேலே சொன்ன 2020 ஆய்வில் பங்குபெற்ற டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலிருந்தே ‘கன்சென்ட்-ஓ-மேட்டிக்’ வந்தது. நீங்கள் ஒருமுறை உங்கள் விருப்பத்தைச் சொல்லி வைத்தால், ஒவ்வொரு அறிவிப்பிலும் அது பொறுமையாக உள்ளே போய், பொத்தான்களைத் திருப்பிவிட்டு வரும். நாம் செய்ய வேண்டிய சலிப்பான வேலையை ஓர் உதவியாளர் செய்வதுபோல. ஃபயர்பாக்ஸும் 2023இல் ஜெர்மனியில், தனிச் சாளரங்களில் மட்டும், இப்படி மறுத்துப் பார்க்கிற சோதனையைத் தொடங்கியது.

மூன்றாம் வகை, எதுவுமே சொல்லாதது. பிரேவ் உலாவியும், யூபிளாக் ஆரிஜினில் சேர்த்துக்கொள்ளும் வடிகட்டிப் பட்டியல்களும் இப்படி. அறிவிப்பு வருகிற துண்டை ஏற்றவிடாது, அல்லது திரையில் காட்டாது. ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் இந்த மௌனத்துக்குச் சட்டத்தில் பொருள் இருக்கிறது. பதில் இல்லை என்றால் சம்மதம் இல்லை, குறிப்பு எழுதக்கூடாது. அங்கே அறிவிப்பை மறைப்பவர் மறுத்தவருக்குச் சமம். குறைந்தபட்சம் காகிதத்தில். 1,426 ஐரோப்பியத் தளங்களை வைத்து 2020இல் வந்த இன்னோர் ஆய்வு, பயனர் எதையும் தேர்வதற்கு முன்பே ‘சம்மதம்’ என்று பதிந்துகொண்ட 141 தளங்களைக் கண்டது. தெளிவாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் சம்மதம் என்று பதிந்தவை 27. இதுவரை நான் அறிவிப்பின் மொழியை விமர்சித்தேன். இந்த 27 தளங்களில் மொழி என்பதே ஒப்பனை.

வாசகரின் குரலை உலாவியே எடுத்துச் சொல்லட்டும் என்ற யோசனை புதிதும் இல்லை. 2002இல் பி3பி என்ற தரம் வந்தது. தளங்கள் தங்கள் அந்தரங்கக் கொள்கையை இயந்திரம் படிக்கும் சுருக்கக் குறியீடாக அனுப்ப வேண்டும், உலாவி அதைப் பார்த்துக் குக்கியை ஏற்கும் அல்லது மறுக்கும். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை நம்பியது. தெரியாத சொல் வந்தால் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்படி அது எழுதப்பட்டிருந்தது. கூகள் அனுப்பிய குறியீட்டில், இது பி3பி கொள்கை அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. உலாவிக்கு ஆங்கிலம் தெரியாது. குக்கியை உள்ளே விட்டது. 2012இல் மைக்ரோசாஃப்ட் இதைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. அந்தத் தரமே நடைமுறைக்கு ஒத்துவராது என்பது கூகளின் பதில். எனக்கு இதில் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். மொழி தெரியாத ஒருவரிடம், உள்ளே விடாதீர்கள் என்று எழுதிய சீட்டைக் காட்டியே உள்ளே போய்விடுவது.

அடுத்தது ‘டூ நாட் டிராக்’, பின்தொடராதே. 2009இல் பிறந்த யோசனை. உலாவி ஒவ்வொரு தளத்திடமும் 1 என்ற ஓர் இலக்கத்தை நீட்டும், அவ்வளவுதான். 2012இல் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே திருப்பி வைத்தபோது விளம்பரத் தொழிலுக்குக் கோபம் வந்தது: அது பயனரின் உண்மையான விருப்பம் இல்லையாம். முன்குறியிட்ட பெட்டிகளால் வாழ்ந்த தொழில், முன்குறியிட்ட மறுப்பை மட்டும் ஏற்கவில்லை. அந்தத் தரத்தை எழுதிய குழு 2019இல் கலைந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் உலாவியிலிருந்து அதை எடுத்தது. பின்தொடராதே என்ற வேண்டுகோளே ஒருவரை அடையாளம் காணும் இன்னொரு தடயமாகப் பயன்படக்கூடும் என்பது காரணம். 2025இல் ஃபயர்பாக்ஸும் எடுத்துவிட்டது. கலிபோர்னியாவில் இதன் தம்பியான ஓர் அறிகுறிக்குச் சட்டத்தின் பலம் உண்டு. அதை மதிக்காததும் ஒரு காரணமாக, செபோரா நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமும், உலாவியில் ஒருமுறை சொன்னால் தளங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற ஏற்பாட்டை முன்மொழிந்தது. இருபது ஆண்டு சுற்றி அதே திண்ணைக்கு வந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அங்கே. நான் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். நான் பல ஆண்டுகள் அந்த மறைக்கும் பட்டியலைப் பெருமையாகப் பயன்படுத்தியவன். சிநேகிதர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். ‘செம கிளீனா இருக்கு லா’ என்றார்கள். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

2015இல் கூகள் தன் பிளாகர் வலைப்பூக்களில் ஐரோப்பிய வாசகருக்கு மட்டும் ஒரு குக்கி அறிவிப்பைத் தானாகவே சேர்த்தது. தமிழ் வலைப்பூக்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. ஒரே கட்டுரையைப் பாரிஸில் திறந்தவருக்கு அறிவிப்பு வந்தது. கிள்ளானில் திறந்தவருக்கு வரவில்லை. குக்கி மட்டும் இருவருக்கும் வந்தது. நாம் தொல்லை இல்லாத பக்கம் என்று நினைத்தது, நம்மிடம் யாரும் கேட்கவில்லை என்பதைத்தான்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 709, 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டும். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது (அதிகம் கேட்பவர்களே அவர்கள்தான் என்பது வேறு விஷயம்). குக்கி என்று தனியாக ஒரு பிரிவும் இல்லை. 2024இல் திருத்தி அபராத உச்சவரம்பை மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் இங்கே பல தளங்களின் கீழே இன்னும் வருவது இந்த வாக்கியம்தான்: தொடர்ந்து பயன்படுத்தினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். மௌனம் சம்மதம், சட்டத் தமிழில் சொன்னால்.

சிங்கப்பூர் சுவாரசியமான இடத்தில் நிற்கிறது. அதன் ஆணையத்தின் வழிகாட்டி, உலாவியில் சில குக்கிகளை ஏற்றுச் சிலவற்றை மறுத்து வைப்பவரின் அமைப்பையே சம்மதமாகக் கொள்ளலாம் என்கிறது. அமைப்பைத் தொடாமல் சும்மா இருப்பது மட்டும் சம்மதம் ஆகிவிடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. நியாயமான வாசிப்பு. ஆனால் 2021இல் அமலான திருத்தத்தில், அறிவித்துவிட்டு, விலகிக்கொள்ள அவகாசம் கொடுத்து, பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளும் வழி வந்தது. நிபந்தனைகள் உண்டு, விளம்பரச் செய்தி அனுப்ப அதைப் பயன்படுத்த முடியாது. இருந்தாலும் ஒரே சட்டக் குடும்பத்துக்குள் மௌனத்துக்கு இரண்டு பொருள்.

ஆக, மூன்றாம் வகைக் கருவி பாரிஸில் ஒரு மறுப்பு. இங்கே அது ஜன்னல் திரை. எடுப்பவர் எடுத்துக்கொண்டே இருப்பார், எடுக்கிறார் என்று சொல்லும் பலகையை மட்டும் நாம் கழற்றிவிடுகிறோம். குக்கியைத் தடுப்பதும் குக்கி அறிவிப்பைத் தடுப்பதும் வேறு வேறு என்பதைக்கூட நான் சிநேகிதர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சஃபாரி 2020இலும் ஃபயர்பாக்ஸ் 2022இலும் மூன்றாம் ஆள் குக்கிகளை இயல்பாகவே முடக்கின, அல்லது தனித்தனி அறையில் அடைத்தன. குரோம் செய்கிறேன் என்று 2020இல் சொல்லி, 2024இல் பின்வாங்கியது. நம் அம்மாக்களின் கைப்பேசியில் இருப்பது பெரும்பாலும் குரோம்தான். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி எதையும் சேர்க்கவும் முடியாது.

இன்னொன்று மொழி. சட்டம் 709இன் ஏழாம் பிரிவு, தரவு எடுப்பவர் தரவேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் தமிழில் வாசிக்கும் ஒருவரிடம் கேட்கப்படும் கேள்வி தமிழில் இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, வரும்போது எந்தத் தமிழில் வரும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. ‘தரவுப் பொறுப்பாண்மையாளரின் செயலாக்க நோக்கத்திற்கு இசைவளிக்கிறீர்களா’ என்று வந்தால் அம்மா மறுபடியும் பெரிய பட்டனைத்தான் அமுக்குவார். ஆனாலும் மோசமான தமிழ்க் கேள்வியை நாம் விமர்சிக்கலாம், திருத்தலாம். இல்லாத கேள்வியை என்ன செய்வது?

போன மாதம் அம்மாவின் கைப்பேசியில் ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டேன். பின்தொடரும் துண்டுகளைத் தடுக்கும் பட்டியல்கள் அதில் இயல்பாகவே உண்டு. அறிவிப்பை மறைக்கும் பட்டியலைத் தனியாகத் திருப்ப வேண்டும். வழக்கம்போல விரல் அங்கே போனது. திருப்பவில்லை. வரட்டும், வந்து கேட்கட்டும்.

“பெரிய பட்டன அமுக்காதீங்கமா இனிமே” என்றேன்.

“நீதானே அமுக்கச் சொன்ன?”

“நான் சொன்னது தப்பு. ‘தோலாக்’னு எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க.”

அம்மாவுக்குத் தோலாக் தெரியும். இங்கே எந்தக் கடைக் கதவிலும் எழுதியிருக்கிற மலாய்ச் சொல், தள்ளு என்று பொருள். வேண்டாம் என்று தள்ளுவதற்கும் அதே சொல்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைத் தடவித் தேடினார். பச்சைப் பொத்தானுக்குக் கீழே, அவர் வயதுக் கண்ணுக்கு எட்டாத சாம்பல் எழுத்தில் இருந்தது.

“கதவுல மட்டும் இவ்ளோ பெருசா எழுதுறானுங்க” என்றார்.